பாட்டன் நிலத்தைப் பேரனுக்கே விற்றார்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இன்னிக்குக் கவிதை வேணாம், பத்திரம் படிப்போம். பத்து வருஷத்துக்கு மேலா பேங்கில் குமாஸ்தாவா இருக்கேன். வீட்டுக்கடன் கேட்டு வர்றவங்க பத்திரங்களை வாங்கி வக்கீல் கருத்துக்கு அனுப்புறது என் வேலைகளில் ஒன்று. 2018-ல் அந்தக் கட்டில் என் சித்தப்பாவின் பத்திரமும் இருந்தது.

சித்தப்பா முப்பது வருஷம் நகராட்சிக்குச் சாக்கடை அள்ளியவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், 2014-ல், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கினார். விற்றவன் வேன் வைத்து அழைத்துப்போய், பிரியாணி போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லைக் காட்டினான். பதிவும் நடந்தது. கடனுக்கு வந்தபோதுதான் வக்கீல் பழைய ‘ஏ’ பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுதினார்: இது டி.சி. நிலம். அதாவது பஞ்சமி நிலம்.

மாணவத் தோழர்களுக்காக இதைச் சொல்லணும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குள் மட்டும்தான் கைமாறலாம். மற்றவர் வாங்கினால் செல்லாது, அரசு மீட்கலாம். சட்டம் இப்படி இருக்க, கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் அந்த நிலங்கள் போய்விட்டன. அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். எந்த நிலத்தை மீட்க உயிர் போனதோ, அதே மாதிரி நிலத்தை மனை போட்டு நம்மிடமே விற்கிறான். சாதி இந்துவுக்குக் கைமாறியதே செல்லாது என்றால், அந்தக் கையிலிருந்து நாம் வாங்கியது எப்படிச் செல்லும்?

சித்தப்பாவிடம் சொன்னேன். ‘‘இன்னாடா தம்பி சொல்ற? ரிஜிஸ்தர் ஆபீசுல முத்திர குத்திக் குடுத்தாங்களே!’’ என்றார்.

நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். விற்கிறவன்தான் உரிமையாளன் என்று சான்று தருவதில்லை. உரிமையை விசாரிப்பது அவர் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சொல்லிவிட்டது. பார்க்க வேண்டியது நாம்தான்.

என்ன பார்க்கணும்? மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகக் கேளுங்க. ஜெராக்ஸைக் காட்டி, ஒரிஜினல் வீட்டில் இருக்கு என்றால் எழுந்து வந்துடுங்க. ஒரிஜினல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். குறைந்தது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடுங்க. ஆனா வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் தெரியும். பதியாத உயில், கையெழுத்துப் போடாத தங்கச்சி, பாகம் கிடைக்காத வாரிசு இதெல்லாம் அதில் வராது. ஊருக்குள் போய் விசாரிச்சாத்தான் தெரியும்.

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. பட்டா பேரில் இருப்பதாலேயே ஒருவன் உரிமையாளன் ஆகிவிட மாட்டான். புதுப் பட்டாவோடு நிற்காமல், பழைய ‘ஏ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்க. பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பு பின்னால் எழுதிய கணக்குகளில் காணாமல் போயிருக்கு. புறம்போக்கு, கோயில் நிலமெல்லாம்கூட அங்கேதான் தெரியவரும்.

‘பவர்’ வைத்து விற்கிறானா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்தாரா என்று நேரில் போய்க் கேளுங்க. அவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் முடிந்தது. பவரை வாங்கி வைத்துக்கொண்டால் மனை உங்களுடையது ஆகாது. 2011-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. ‘அப்ரூவ்டு’ என்ற போர்டுக்கும் மயங்காதீங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அந்த அங்கீகாரம் மனைப்பிரிவுக்குத்தான், உரிமைக்கு அல்ல.

இன்னொன்று: ‘உன் பேர்ல பத்திரம் போடறோம், கையெழுத்து மட்டும் போடு’ என்று நம்மவர்களைப் பினாமி ஆக்குகிறார்கள். அந்தக் கையெழுத்து இன்னொரு தலித்தின் நிலத்தைப் பறிக்கிற கையெழுத்து. போடாதீங்க.

தோழர்களே, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் நான் நிலத்தைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரம் பார்க்கிற வேலை கையில் இருந்தும், சித்தப்பா மனை வாங்குவது தெரிந்திருந்தும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடன் இல்லை என்ற கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். அவர் இன்னமும் வாடகை வீட்டில் இருக்கிறார். அந்தக் கல்லைப் பார்க்க மாசம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறார்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் ‘ஏ’ பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேளுங்கள். டி.சி. நிலங்களின் சர்வே எண்களைப் பட்டியலாக எழுதிச் சேரி வாசக சாலையில் ஒட்டுங்கள். வாங்கப் போகிறவன் தப்பிப்பான். மீட்கப் போகிறவனுக்கு ஆதாரம் கிடைக்கும். ரெண்டுக்கும் அதே காகிதம்தான்.