கௌலி பிரவுன் ரோட்டு மைனா

கோயமுத்தூரு டி.பி. ரோட்டுக் கடைகளையும் காஸ் மியூசியத்தையும் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அதையெல்லாம் விட்டுப்போட்டு, விடிகாலையில கௌலி பிரவுன் ரோட்டுல, வன மரபியல் நிறுவனத்து மதிலோரமா என்கூட நடங்க. பைனாகுலர் இருந்தா சரி, இல்லீனாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அண்ணாந்து பாத்தா தூங்குமூஞ்சி மரம். அது தென் அமெரிக்கா பக்கத்துச் சரக்கு. மயில்கொன்றைக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். மரத்துல பாதி வெளியூரு. பறவை பாக்கலாம்னு கூப்பிட்டு மரத்தைக் காட்டறானேன்னு நினைக்காதீங்க, பறவை கீழதான் இருக்கு. ஒரு மைனா.

அது நடக்கறதைக் கவனிச்சிருக்கீங்களா? சிட்டு மாதிரித் தத்தாது. ஒரு கால், அடுத்த கால்னு எடுத்து வெச்சு, கடை திறக்கப் போற மொதலாளியாட்டம் நடக்கும். நேத்து மழைக்குக் கிளம்பின ஈசல்ல ரெக்கை போனது ஒண்ணைக் கொத்திட்டு, விருட்டுனு பறக்கறப்போதான் ரெக்கையில அந்த வெள்ளைத் திட்டு தெரியும்.

இதே மைனாவை 1762-ல இந்தியாவுல இருந்து மொரீஷியசுக்குக் கப்பலேத்திக் கொண்டுபோனாங்க. எதுக்குங்கறீங்க? பயிரைத் தின்ன வெட்டுக்கிளியைத் தின்ன. வேலையை நல்லாவே பண்ணுச்சாம். சேதி பரவாம இருக்குமா? 1860-கள்ல ஹவாய், அப்புறம் ஆஸ்திரேலியான்னு கரும்புக்காட்டுப் புழு பூச்சிக்கெல்லாம் மைனாவைத் தேட ஆரம்பிச்சாங்க.

கரும்புன்னதும் ஒண்ணு சொல்லணும். இங்கிருந்து கொஞ்ச தூரம் போனா, 1912-ல தொடங்கின கரும்பு ஆராய்ச்சி நிலையம். கரும்பையும் காட்டு நாணலையும் ஒட்டுச் சேர்த்து ‘கோ 205’ங்கற ரகத்தை உண்டாக்கினது அவங்கதான். ‘கோ’ன்னா கோயமுத்தூரு. நம்மூர்க் கரும்பும் கடல் தாண்டிப் போச்சுங்க, ஆனா அதை யாரும் திட்டல.

மைனாவைத் திட்டறாங்க. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நூறு மோசமான வந்தேறி உயிர்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல பறவை மூணே மூணு. மைனா ஒண்ணு, அந்த வேலியில தலையில கொண்டை வெச்சுட்டு உக்காந்திருக்கற சின்னான் இன்னொண்ணு. நம்ம தெருவுலயே ரெண்டு பேரு! சேஷெல்ஸ் தீவுல குண்டுக்கரிச்சானோட பங்காளி ஒண்ணு இருக்கு, ரொம்ப அரிது. மரப்பொந்துக்காக மைனா அதுகூடச் சண்டை போட்டதால, சில தீவுகள்ல மைனாவை அடியோட ஒழிச்சுட்டாங்க. இங்க மைனாவும் கரிச்சானும் ஒரே தெருவுலதான் குடித்தனம். பொந்து பிடிக்கக் கிளி, அணில், ஆந்தைன்னு போட்டிக்கு ஆள் இருக்கறதால மைனாவோட அதட்டல் இங்க பெருசா எடுபடறதில்ல.

நேரம் ஆயிப்போச்சு. வாங்க, காபி குடிப்போம்.