நம் எழுத்தை நாம் எப்படி மதிப்பிடுவது?

(மரக்காணத்தில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தவர்கள் எங்களிடம் கூடவே ஒரு வேலையையும் கொடுத்தார்கள். நம் மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே பக்கம் அமைத்து வெளியிட்டவற்றைப் படித்து, எது தேறும், எது தேறாது என்று சொல்லச் சொன்னார்கள். கையால் எழுதி நகலெடுத்த இதழ் இருந்தது. கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து, படம் சேர்த்து, பெயர் வைத்து வெளியிட்ட பக்கங்கள் இருந்தன. எல்லாவற்றையும் படித்தோம். மதிப்பெண் போட உட்கார்ந்ததும் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. சந்திப்பிழை உள்ளதையெல்லாம் ஒதுக்கி வை என்றார் ஒருவர். முதல் தலைமுறைப் பிள்ளைகள், அவர்கள் எழுதியதே போதும், எல்லாவற்றையும் நன்று என்று சொல்லிவிடுவோம் என்றார் இன்னொருவர். முதலாவது பழைய பள்ளிக்கூடத்துப் பிரம்பு. இரண்டாவது இரக்கம். இரக்கத்தில் கொடுக்கும் மதிப்பெண் எழுதுகிறவனை அந்த இடத்திலேயே உட்காரவைத்துவிடும். இரண்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நமக்கென்று ஒரு கணக்கு உண்டா என்று தேடினோம். தேடியதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

இந்த ஊரில் தரம் பார்ப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்க வருகிறவர் உப்பின் வெண்மையைப் பார்ப்பார். பாத்தியில் நிற்கிறவர் தண்ணீரைப் பார்ப்பார். போமே மானியில் 25 டிகிரி வாக்கில் உப்பு விழத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டு வாரினால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டு கசக்கும். கசக்கிற உப்பும் கண்ணுக்கு வெள்ளைதான். எழுத்தில் ‘சுத்தமான நடை’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெண்மையைப் பார்த்துச் சொல்கிறவர்கள்.

முதலில் பக்கத்தின் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பு என்பது காசும் கணினியும் உள்ளவர்களின் சமாச்சாரம் என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. அதன் பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லை வசையாக எறிந்தார்களோ அந்தச் சொல்லை முதல் பக்கத்தின் உச்சியில் அச்சடித்து வைத்தார். அஞ்சலில் அதைக் கொண்டுவருகிறவர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கொண்டுவர வேண்டும். வேறு அலங்காரம் அதற்குத் தேவைப்படவில்லை.

அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் அந்தப் பெயரை ஏற்றதே இல்லை. அது பகைவர் சூட்டிய பெயர், நம் பெயர் வேறு என்றார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அவர் கொண்டுவந்த வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். இது யார் வாங்குவதற்கான தாள் என்று, திறந்து பார்க்காமலே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு பைசாவை விட்டுவிட்டு வெறும் ‘தமிழன்’ ஆக்கினார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், ஒரே அவமானத்துக்கு எதிராக இரண்டு நேரெதிரான தலைப்புகள். எது சரி என்று இன்றும் வாதாடலாம், நாங்களும் வாதாடினோம். ஆனால் இருவருமே தலைப்பைச் சும்மா வைக்கவில்லை. இப்போது வந்த கட்டில் ‘என் எண்ணங்கள்’, ‘கனவுகள்’, ‘சில துளிகள்’ என்ற தலைப்புகளைப் பார்த்தபோது எங்களுக்கு இவர்கள் இருவரும்தான் நினைவுக்கு வந்தார்கள். தலைப்பு ஒரு முடிவு, தம்பி. முடிவெடுக்காமல் வைத்த தலைப்பு உள்ளே எழுதியிருப்பதையும் மங்கலாக்கிவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இன்னொருவர் இருந்தார். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்து, தானும் அந்தத் தொழிலைச் செய்தவர். 1966-இல் ‘மல்லிகை’ என்ற மாத இதழைத் தொடங்கினார். தானே ஆசிரியர், தானே பதிப்பாளர், கையில் எடுத்துப்போய் விற்பவரும் தானே. போர், இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவே 400 இதழ்களுக்கு மேல் வந்தது. அதன் அட்டையைப் பாருங்கள். மாதந்தோறும் ஓர் எழுத்தாளர் அல்லது கலைஞரின் முகம் அட்டையில் இருக்கும், உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். அந்தக் கட்டுரைகளைச் சேர்த்து ‘அட்டைப்பட ஓவியங்கள்’ என்று நூலாகவே போட்டார்கள். சினிமாக்காரர் முகம் போட்டு விற்கிற காலத்தில், எழுதுகிறவரின் முகத்தை அட்டையில் வைப்பது என்பது யாரை மதிக்கிறோம் என்று சொல்கிற வேலை. மலிவான தாளில் அதைச் செய்து காட்டினார்.

எங்கள் கையில் வந்த பக்கங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அண்ணலின் படம் இருந்தது. மகிழ்ச்சி. ஆனால் நீல நிறப் பின்னணி, அதன்மேல் மஞ்சள் எழுத்து, எழுத்துக்குப் பின்னால் மங்கலாக அண்ணலின் முகம் என்று வைத்தால், முகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அம்பேத்கர் 1927-இல் ‘பகிஷ்கிருத பாரத்’ நடத்தியபோது பத்தி பத்தியாக அவரே எழுதி நிரப்பினார். படிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடுபட்டவரின் முகத்தை, படிக்க முடியாத பக்கத்துக்குத் திரையாக்குவது சரியில்லை. எங்கள் கண்ணுக்கு நன்றாகப்பட்ட பக்கம் வெள்ளைத் தாளில் பெரிய கறுப்பு எழுத்து, வரிகளுக்கிடையே தாராளமாக இடம், ஒரே ஒரு படம். நாற்பது வாட் விளக்கில் ஒரு பாட்டி பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு வசதியான பக்கம். அதற்கு முழு மதிப்பெண் போட்டோம்.

இனி நடை. இங்கேதான் நாம் நிறையப் பட்டிருக்கிறோம். இலங்கையில் 1960-களின் தொடக்கத்தில் ஜீவா, கே. டானியல் போன்றோர் தங்கள் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, பண்டிதர்கள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். வழக்கை மட்டும் பழிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆட்களையும் சேர்த்துப் பழித்தார்கள். அப்போதே ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு அந்த நாட்டின் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்திருந்தது. பரிசு வாங்கிய பிறகும் இழிசனர்தான்.

தமிழ்நாட்டில் 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோதும் இது என்ன தமிழ் என்றார்கள். துறவற மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண், தன் தெருவின் பேச்சிலேயே தன் கதையைச் சொன்னார். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2000-இல் நூலாகி, கிராஸ்வேர்டு விருது பெற்ற பிறகு பலருக்கு அந்தத் தமிழ் திடீரென்று இனித்தது. இதில் நமக்குப் பாடம் விருது இல்லை. புத்தகம் வந்ததும் சொந்த ஊரிலேயே கோபம் எழுந்ததையும், பிறகு அதே ஊர் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதையும் பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விமர்சகர்களுக்கு முன்னால் தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தத் தெருக்காரர்கள். அவர்களுக்கு அது புரிந்தது, அதனால்தான் கோபம் வந்தது. புரியாத எழுத்தின்மேல் யாருக்கும் கோபம் வராது.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டு. அங்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை கற்பித்த கே.ஏ. குணசேகரனை உங்களில் மூத்தவர்கள் மேடையில் கேட்டிருப்பீர்கள். 2005-இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘வடு’. பாடகர் என்பதால் அவருக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரியும். வாக்கியம் அங்கே முடிந்துவிடும். இளையான்குடியில் முஸ்லிம்கள் நடுவே சாதியின் உறைப்புக் குறைவாக இருந்ததையும், சுற்றுக் கிராமங்களில் அது எப்படி மாறியது என்பதையும் அவர் புலம்பாமல் சொல்கிறார். இன்னார் இப்படி நடத்தினார், இன்னார் அப்படி நடத்தினார் என்று சொல்லிக்கொண்டே போகிறார். சில இடங்களில் சிரிப்பும் வருகிறது. சிரிக்கத் தெரிந்தவன் எழுதும் அவமானம் இன்னும் ஆழமாக இறங்கும்.

இப்போது நம் பிள்ளைகளின் எழுத்துக்கு வருவோம். எழுத்துப்பிழை எங்களைத் தொந்தரவு செய்யவில்லை, அதை ஒரு மாலையில் திருத்திவிடலாம். தொந்தரவு செய்தது இரவல் சொற்கள். ‘வலி’, ‘ரணம்’, ‘குருதி’, ‘விளிம்பு’ என்று எடுத்த பக்கமெல்லாம். ஒரு உதாரணத்தை நாங்களே அமைத்துக் காட்டுகிறோம், யாருடைய எழுத்தும் இல்லை இது. ‘உப்பளத்தில் வெடித்த என் தாயின் பாதங்களில் என் இனத்தின் வரலாறு கசிகிறது.’ கைதட்டல் வாங்கும் வாக்கியம். ஆனால் இதை எழுத உப்பளத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். இன்னொன்று: ‘அம்மா பாத்தியில் இறங்குவதற்கு முன் பழைய காலுறையை இரண்டாக மாட்டும். சாயங்காலம் அதைக் கழற்றும்போது எங்களைப் பார்க்காதே என்று சொல்லும்.’ இதில் வலி என்ற சொல்லே இல்லை. இதை எழுதுகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவதுக்குத்தான் எங்கள் மதிப்பெண். எத்தனை பாத்தி, யாருடைய குத்தகை, கூலி வாரத்துக்கா நாளுக்கா, மழை முந்தி வந்த வருடம் கடன் யாரிடம் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். கணக்குத் தெரிந்த எழுத்தை யாரும் எளிதில் மறுக்க முடியாது.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. 2013 ஏப்ரல் 25 இந்த ஊருக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. இத்தகைய நாட்களைப் பற்றி எழுதும்போது வழக்கமாக அச்சில் வரும் தமிழ் எப்படி இருக்கும்? ‘இரு தரப்பினரிடையே மோதல்’, ‘வீடுகள் தீக்கிரையாயின’, ‘பதற்றம் நிலவுகிறது’. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. வாக்கியத்தில் ஆள் மட்டும் இல்லை. கூரை தானாகவே பற்றிக்கொண்டது போல் இருக்கும். தரமான நடை என்று நமக்குக் காட்டப்படுவதில் பாதி இப்படி ஆளை ஒளித்துவைக்கும் நடை. அதையே நாமும் கற்றுக்கொண்டு ‘நாங்கள் ஒடுக்கப்பட்டோம், விரட்டப்பட்டோம், மறுக்கப்பட்டோம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். யார் விரட்டினார்கள்? கடைக்காரரா, தலைவரா, வாத்தியாரா? வினைமுற்றுக்கு ஒரு எழுவாய் தேடிக் கொடுங்கள். ஒளித்தவரைப் பேரோடு எழுத முடியாத சூழல் இருக்கும், வழக்கு வரும், வீட்டுக்கு ஆள் வரும். அப்போது பேரை விட்டுவிட்டாலும் ‘ஓர் ஆள் செய்தார்’ என்பதை விடாதீர்கள். நம் வீட்டுக்குள்ளும் இதே விதிதான். ‘அம்மா அடிபட்டாள்’ என்று நம் பையன்கள் எழுதியிருந்த இடங்களில் அடித்தவர் யார் என்று ஓரத்தில் கேட்டு வைத்திருக்கிறோம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பண்டிதரின் வாக்கியங்கள் நீளமானவை, இன்று ஒரு மாணவர் அவற்றில் சிக்கிக்கொள்வார். அவர் சொன்ன சொற்பிறப்புகள் எல்லாவற்றையும் நாங்கள் ஏற்பதும் இல்லை. ஆனாலும் ‘தமிழன்’ இதழில் வாசகர் வினாக்களும் அவற்றுக்கு அவர் தந்த விடைகளும் வந்துகொண்டே இருந்தன. கேள்வி கேட்கும் இடம் உள்ள பக்கம் உயிருள்ள பக்கம். நடையைப் பின்பற்ற வேண்டாம், அதைப் பின்பற்றுங்கள்.

அவர் 1914-இல் மறைந்தார். பிறகு கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அந்த இதழை மீண்டும் நடத்தினார். ஆனாலும் பண்டிதரின் எழுத்து ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ ஆகப் பாளையங்கோட்டையிலிருந்து வர 1999 ஆயிற்று. 85 ஆண்டுகள். சில குடும்பங்கள் பழைய தாள்களைப் பெட்டியில் வைத்திருக்காவிட்டால் அதுவும் இல்லை. எனவே மதிப்பிடும்போது கடைசியாக ஒன்றைப் பார்த்தோம்: இந்தப் பக்கம் நிற்குமா? பாதிப் பேர் எழுத்தைப் படமாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் தேடினால் கிடைக்காது, பார்வையற்ற தோழருக்கு வாசித்துக் காட்டும் கருவி அதைப் படிக்காது. 90-களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிவைத்த நம் துண்டறிக்கைகள் இன்று கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கின்றன. யூனிகோடில் எழுதுங்கள். தேதி போடுங்கள், ஊர் போடுங்கள். பாதிப் பக்கங்களில் இரண்டும் இல்லை. அச்சில் பத்துப் படி எடுத்தாலும் ஒன்றைக் கன்னிமாரா நூலகத்துக்கும் ஒன்றை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அனுப்புங்கள். மீதி எட்டில் ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள். எழுத்துத் தெரியாத அம்மா என்றால் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் ‘அது அப்படி இல்லடா’ என்கிறாரோ அந்த வரியில் கோடு போட்டுவிட்டு, அடுத்த இதழில் திருத்தி எழுதுங்கள்.

கட்டுகளை அந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். ஓரக்குறிப்புகள் பென்சிலில்தான் உள்ளன. ஒப்பாதவற்றை அழித்துவிட்டு எங்களோடு சண்டைக்கு வரலாம்.