இரண்டாம் முறை படிக்கும் கதை



ஒரு பக்கத்திலோ இரண்டு பக்கங்களிலோ முடிந்துபோகிற மிகச் சிறிய கதைகளை ஜனங்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமலே ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு ஐயா அவகாசம் இருக்கிறது? பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வேளையிலும், முடிதிருத்தும் கடையில் நம் முறை வருகிற வரையிலும், அடுப்பில் உலை கொதிக்கிற இடைவேளையிலும் ஒரு கதையைத் தொடங்கி முடித்துவிட முடிகிறதென்றால் அது பெரிய சௌகரியம் அல்லவா என்பார்கள். நம்முடைய வாரப் பத்திரிகைகள் ஒரு பக்கக் கதைக்கென்று இடம் ஒதுக்கி வருவதும் அந்தச் சௌகரியத்தை உத்தேசித்துத்தான் என்று அதற்குச் சாட்சியும் காட்டுவார்கள். அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவது ஒன்றுதான் பிரயோஜனம் என்றால், கதையை ஒரு தரம் படித்து முடித்ததும் அதை மறந்துவிட்டு நாம் வேறு ஜோலியைப் பார்க்கப் போய்விட வேண்டும். நல்ல கதையாக இருந்தால் அப்படிப் போக முடிகிறதில்லை. பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, டிக்கெட்டும் வாங்கிய பிறகுகூட மனசு அந்தக் கதையையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்திரிகையைப் பிரித்து அதே பக்கத்தை மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. ஐந்து நிமிஷத்தில் முடிகிற ஒரு காரியம் அரை நாளைப் பிடித்துக்கொள்ளுமானால், அதை நேர மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இந்தக் கவர்ச்சிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நீண்ட நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தை நாம் எட்டுகிற சமயத்தில், அதன் முதல் அத்தியாயத்து வாக்கியங்கள் நம் நினைவிலிருந்து நழுவிப்போய், ஊரும் பேரும் சில முகங்களும் மாத்திரமே மிஞ்சியிருக்கும். அது நாவலுக்குக் குறைவல்ல. வாழ்க்கையும் நமக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கக் கதையின் கடைசி வாக்கியத்தை வாசிக்கும்போது அதன் முதல் வாக்கியம் இன்னும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் வந்த ஒவ்வொரு சொல்லும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆதியையும் அந்தத்தையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளும்படியான வசன இலக்கியம் இது ஒன்றுதான். அப்படி முழுவதையும் ஒருசேரப் பார்க்க முடிகிறபோது, கடைசி வாக்கியத்தின் வெளிச்சம் பின்னோக்கிப் பாய்ந்து, முதல் தடவை நாம் அசட்டையாகக் கடந்துவந்த சில வார்த்தைகளின்மேல் விழுகிறது. உடனே இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று ஆசை எழுகிறது. மிகச் சிறிய கதையின் இன்பம் அந்த இரண்டாம் வாசிப்பில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதைச் சில உதாரணங்களைக் கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

ரஷ்ய ஆசிரியர் ஆன்டன் செக்காவ், மாஸ்கோவில் வைத்திய மாணவராக இருந்த நாட்களில், குடும்பச் செலவுக்குப் பணம் தேடி ஹாஸ்யப் பத்திரிகைகளுக்குக் கதைகள் எழுதிக் கொடுத்துவந்தார். கூலி வரிக் கணக்கில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திலிருந்து வெளிவந்த ‘அஸ்கோல்கி’ என்ற பத்திரிகையின் ஆசிரியர் லேய்க்கின், கதை ஏறக்குறைய நூறு வரிக்குள் அடங்க வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். அந்த வரம்பைப் பற்றிச் செக்காவ் அவருக்கே கடிதம் எழுதிக் குறைபட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்த நெருக்கடிக்குள்ளேதான் 1883-ஆம் வருஷம், அவருக்கு இருபத்துமூன்று வயதாகும்போது, ‘ஒரு குமாஸ்தாவின் மரணம்’ என்ற கதை பிறந்தது.

செர்வியக்கோவ் என்ற சிறிய உத்தியோகஸ்தன் நாடகக் கொட்டகையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சுகமாக நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று தும்மல் வருகிறது; தும்முகிறான். முன்வரிசையில் இருக்கிற ஒரு கிழவர் தம் வழுக்கைத் தலையையும் கழுத்தையும் துடைத்துக்கொள்கிறார். யார் என்று பார்த்தால், போக்குவரத்து இலாகாவில் ஜெனரல் அந்தஸ்து வகிக்கிற பெரிய அதிகாரி! குமாஸ்தா குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். பரவாயில்லை என்கிறார் அவர். இடைவேளையில் மறுபடியும் கேட்கிறான். நான் மறந்தே போய்விட்டேன் என்கிறார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறான். மறுநாள் புதுச் சீருடை தரித்து, முடி வெட்டிக்கொண்டு, அவருடைய வீட்டுக்கே போய் மறுபடியும் கேட்கிறான். பிறகு, தன்னுடைய மன்னிப்புக்கு விளக்கம் சொல்ல வேண்டுமென்று இன்னொரு முறையும் போகிறான். இவன் நம்மைப் பரிகாசம் செய்கிறான் என்று எண்ணிய பெரியவர், கடைசியில் பொறுமை இழந்து, வெளியே போ என்று கத்துகிறார். குமாஸ்தாவுக்கு வயிற்றுக்குள் ஏதோ அறுந்துபோகிறது. வீட்டுக்கு வந்து, சீருடையைக் கழற்றாமலே சோபாவில் படுத்து, செத்துப்போகிறான்.

முதல் தடவை படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை படிக்கிறபோது, நடுவில் வந்த ஒரு சிறிய விவரம் கண்ணில் உறுத்துகிறது. அந்த ஜெனரல் இவனுடைய மேலதிகாரி அல்ல, வேறு இலாகாக்காரர். இது குமாஸ்தாவுக்கும் தெரியும். அவன் மனைவிகூட முதலில் பயந்துவிட்டு, வேறு இலாகா என்று கேட்டதும் ஆசுவாசப்படுகிறாள். ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்றே சொல்கிறாள். அந்தப் பெரியவரால் இவனுக்கு ஒரு தீங்கும் செய்ய முடியாது. அப்படியானால் இவன் எதற்குப் பயந்து செத்தான்? ஆளைப் பற்றிய பயம் அல்ல, அந்தஸ்து என்ற ஒன்றைப் பற்றிய பயம் அவன் ரத்தத்தில் ஊறியிருந்தது என்று நமக்குப் புலப்படுகிறபோது, கழற்றாத அந்தச் சீருடைக்கும் அர்த்தம் விளங்குகிறது; சிரித்த வாய் மூடிக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் சாகப்போகிறான் என்பதை ஆசிரியர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். முடிவை மறைத்து வைத்து நம்மைத் திடுக்கிடச் செய்வதுதான் இத்தகைய கதைகளின் சாமர்த்தியம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். செக்காவோ முடிவை வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டு, அப்புறம் நம்மை உள்ளே அழைக்கிறார். தலைப்பைப் படித்தவனுக்கு மரணம் ஆச்சரியம் அல்ல. அதற்குப் போகிற பாதை எவ்வளவு அற்பமானது என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்த உதாரணம் நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டது. உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ, 1948-ஆம் வருஷம் பம்பாயைவிட்டு லாகூருக்குக் குடிபெயர்ந்த பிறகு, பிரிவினைக் கலவரங்களைப் பற்றி மிக மிகச் சிறிய சித்திரங்களை எழுதி ‘சியா ஹாஷியே’ என்ற பெயரில் வெளியிட்டார். சில சித்திரங்கள் நாலைந்து வரிகள்தாம். அவற்றில் ஒன்றுக்கு ‘அற்புதம்’ என்று பொருள்படும்படி தலைப்பு. கொள்ளையடித்த சாமான்களைக் கைப்பற்றப் போலீஸார் வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள். பயந்துபோன ஜனங்கள் இரவோடு இரவாகச் சாமான்களை வெளியே எறிகிறார்கள். ஒருவனிடம் மளிகைக் கடையிலிருந்து கொள்ளையடித்த இரண்டு சர்க்கரை மூட்டைகள் இருக்கின்றன. ஒன்றைக் கிணற்றில் போட்டுவிடுகிறான். இரண்டாவதைத் தள்ளும்போது தானும் விழுந்துவிடுகிறான். கூட்டம் கூடிக் கயிறு இறக்கி அவனை மேலே எடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோகிறான். மறுநாள் அந்தக் கிணற்று நீரை இறைத்துக் குடித்துப் பார்த்தால் தித்திக்கிறது. அன்று இரவு அவனுடைய சமாதியில் விளக்குகள் எரிகின்றன. அவ்வளவுதான் கதை.

கொள்ளைக்காரன் ஒருவன் மகானாகிவிட்ட விந்தையைக் கேட்டுச் சிரித்த பிறகு, திரும்பப் போய்ப் படித்தால், தொடக்கத்திலேயே ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. சோதனைக்குப் பயந்து, சிலர் தங்களுடைய சொந்தச் சாமான்களையே சந்தர்ப்பம் பார்த்து அப்புறப்படுத்தினார்களாம். அது யாருடைய ராஜ்யம், என்ன சட்டம், அங்கே நிரபராதியின் நிலைமை என்ன என்பதெல்லாம் அந்த ஒரு செய்தியில் அடங்கிவிட்டன. இவற்றைப் பற்றி மண்டோ வியாக்கியானம் செய்யவில்லை. ஊர் எது என்று சொல்லவில்லை. செத்தவன் பெயர் சொல்லவில்லை. அவனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ தீர்ப்புக் கூறவில்லை. அவர் விட்டுவிட்ட இடங்களையெல்லாம் நாம் இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்புகிறவன் அந்தக் கதைக்குப் பாதிச் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான்.

தமிழிலும் இதற்குச் சமமாக வைக்கத்தக்க உதாரணம் உண்டு. 1934-இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த புதுமைப்பித்தனுடைய ‘பொன்னகர’த்தைப் பலரும் படித்திருப்பீர்கள். சில பக்கங்களே கொண்ட அந்தக் கதையில், ஏறக்குறையப் பாதி இடத்தைச் சந்தும் சாக்கடையும் ஆலைத் தொழிலாளர்களும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஏதோ ஊர் வர்ணனை செய்து பொழுதுபோக்குகிறார் என்று முதலில் நினைக்கிறோம். அப்புறம்தான் அம்மாளு வருகிறாள். வண்டியோட்டியான புருஷன் முருகேசன் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி வேண்டும் என்கிறான். வீட்டில் காசு இல்லை. இருட்டில் அவள் எப்படி முக்கால் ரூபாய் சம்பாதித்தாள் என்பதை ஆசிரியர் வர்ணிக்கவில்லை. இரண்டு வாக்கியங்களுக்கு இடையே அதை நடக்கவிட்டுவிட்டு, நம் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றி ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டு நிறுத்திவிடுகிறார். கற்பைப் பற்றிய வாதம் அந்தக் கடைசி வரியில்தான் தொடங்குவதாக முதலில் நினைக்கத் தோன்றும். இரண்டாம் முறை படித்தால், வாதம் முழுவதும் அந்த முதற்பாதி வர்ணனையிலேயே நடந்து முடிந்துவிட்டது என்பதும், கடைசி வரி வெறும் கையெழுத்து என்பதும் தெரியும். அந்தச் சந்துகளை நாம் சரியாகப் பார்த்திருந்தால் அம்மாளுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வாய் எழுந்திருக்காது.

இப்படிச் சொல்லாமல் விட்டதைக் கேட்கிற பழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குபவை. அவற்றில் பேசுகிறவருக்குப் பெயர் கிடையாது. முன்னால் நடந்தது இன்னதென்றோ, இனி நடக்கப்போவது இன்னதென்றோ அவர் விஸ்தாரமாகச் சொல்வதும் கிடையாது. தலைவி தோழிக்குச் சொன்னது என்பது போன்ற ஒரு வரிக் குறிப்பைத் துணையாகக் கொண்டு, முன்கதையையும் பின்கதையையும் வாசகனே ஊகித்துக்கொள்கிறான். இவை செய்யுள், நான் பேசுவது வசனக் கதையைப் பற்றி. ஆயினும் வாசகனிடம் வைக்கும் நம்பிக்கை இரண்டிலும் ஒன்றேதான்.

ஜப்பானிய ஆசிரியர் யசுனாரி கவபட்டா இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1968-இல் நோபெல் பரிசு பெற்ற அவர் நாவலாசிரியராகவே உலகத்துக்குப் பெரிதும் அறிமுகமானவர். ஆனால் வாலிபம் தொட்டு நூற்றுக்கு மேற்பட்ட மிகச் சிறிய கதைகளை எழுதிவந்தார். அவற்றை ‘உள்ளங்கைக் கதைகள்’ என்றே அழைத்தார். 1972-இல், தம் ஆயுளின் இறுதி மாதங்களில், தம்முடைய புகழ்பெற்ற நாவலான ‘பனி நாடு’ என்பதையே எடுத்துச் சில பக்கங்களுக்குள் சுருக்கி ஓர் உள்ளங்கைக் கதையாக எழுதினார். பெரியதை எழுதத் தெரியாதவர்கள்தாம் சிறியதை எழுதுகிறார்கள் என்று ஏளனம் பேசுகிறவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் வேண்டியதில்லை.

இவ்வளவு பெருமை பேசிவிட்டதனால், சிறியதாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்று நான் வாதிப்பதாக எண்ணிவிட வேண்டாம். கடைசி வரியில் ஒரு திடுக்கிடும் திருப்பத்தை வைத்துக்கொண்டு, அதற்காகவே மற்ற வரிகளை ஜோடித்துக்கொண்டு போகிற கதைகள் ஏராளமாக வருகின்றன. காதலித்தவள் தங்கையாக இருப்பாள். திருடனென்று நினைத்தவன் போலீஸ்காரனாக இருப்பான். அவை விடுகதையின் ஜாதி. விடை தெரிந்ததும் அவற்றின் ஆயுள் முடிந்தது. அவற்றால் வருகிற சந்தோஷத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குமாஸ்தாவின் கதையில், விடையைத் தலைப்பிலேயே சொன்ன பிறகும் கதை உயிரோடு இருக்கிறது என்ற வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அதேபோல், சிறிய கதையால் செய்ய முடியாத காரியங்களும் உண்டு. ஒரு மனிதன் சிறுவனாக இருந்து, வாலிபனாகி, நரைத்து, தன் தகப்பனாரைத் தானும் ஒருநாள் புரிந்துகொள்கிற அந்த நீண்ட மாறுதலை நாவல்தான் காட்ட வேண்டும். ஏனெனில் அந்த மாறுதலை உணர்வதற்கு வாசகனும் சில நாட்களைச் செலவிட்டாக வேண்டும். ஒருவர் மாறுகிற கதை நாவலுக்கு உரியது. ஒருவர் இன்னார் என்று தெரிந்துபோகிற நிமிஷம் சிறிய கதைக்கு உரியது.

இத்தகைய கதைகளைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. முப்பது கதைகள் அடங்கிய தொகுதியை ஒரே மூச்சில் படித்து முடிப்பவர்கள், சிறிது நேரத்தில் சலிப்படைந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். குற்றம் புத்தகத்தினுடையது அல்ல. ஒரு கதை தனக்குள் அடங்காததை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறபோது, அதை ஏற்றுக்கொள்ள நமக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் அடுத்த கதை குறுக்கே வந்து நின்றால் இரண்டும் கெட்டுப்போகும். ஆகவே ஒரு வேளைக்கு ஒரு கதை போதும். படித்து முடித்ததும் தலைப்பை மறுபடியும் பாருங்கள். முதலில் பார்த்தபோது இருந்த அர்த்தம் இப்போது இருக்கிறதா, வேறாக மாறிவிட்டதா என்று யோசியுங்கள். பிறகு முதல் வாக்கியத்துக்குப் போங்கள். முடிந்தால் வாய்விட்டு, வீட்டில் இருக்கிற ஒருவருக்குக் கேட்கும்படி படியுங்கள். கண் தாண்டிப் போய்விடுகிற வார்த்தையைக் காது தாண்டவிடாது. நீங்களும் உங்கள் வீட்டாரும் ஒரே கதையில் வெவ்வேறு இடங்களில் நின்றுவிட்டீர்கள் என்பது தெரியவந்து, ஏன் அங்கே நின்றாய், ஏன் இங்கே சிரித்தாய் என்று பேச்சுக் கிளம்புமானால், ஆசிரியர் எழுதாமல் விட்ட பக்கங்களை நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு கதை நல்லதா அல்லவா என்று அறிய விமரிசகர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. முடிவு தெரிந்த பிறகும் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தோன்றுகிறதா என்று மாத்திரம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தோன்றவில்லையானால், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நஷ்டமில்லை. அடுத்த கதையைப் பார்க்கலாம். தோன்றினால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துப் படிக்கும்போது அது இன்னொன்றைச் சொல்லும்.