அழைத்தலும் அமைத்தலும்: கொல்லிப்பாவை காட்டும் மாய நெறி



இக்காலக் கற்பனை விளையாட்டுகளில் உயிரிகளை வரவழைக்கும் மந்திரம் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில் மந்திரவாதி நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் பூதங்களை அழைக்கலாம். அழைத்தவன் மனத்தை ஒருமுகப்படுத்தியே இருத்தல் வேண்டும். மனம் சிதறின் வந்த பூதம் அவன்மேலேயே பாயும். அழைப்பவன், அழைப்பிற்குரிய விலை, நெறி பிறழ்ந்தால் விளையும் கேடு என்னும் மூன்றும் இம்மாயத்தின் உறுப்புகள் எனலாம்.

இவை தமிழுக்குப் புதியன அல்ல. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தைச் சுமந்து வருபவன் வாய் திறத்தல் ஆகாது. திறந்தால் அது மீண்டும் முருங்கைமரம் ஏறிவிடும். அங்கு விலை மௌனம். எனினும், குண்டனி நாட்டில் கூடியுள்ள இவ்வவைக்குத் தொலைவிலிருந்து சான்று தேட வேண்டுவதில்லை. இந்தக் கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்களே போதிய சான்று தருகின்றனர்.

குறிஞ்சித் திணையில் மாயம் இருவகையாக அமைகிறது. ஒன்று அழைத்தல், மற்றொன்று அமைத்தல்.

அழைத்தலுக்குச் சான்று வெறியாட்டு. மகள் மெலிவதைக் கண்ட தாய் வேலனை அழைப்பாள். அவன் கழங்கிட்டுக் குறி பார்த்து, 'இது முருகனால் வந்தது' என்பான். களத்தில் மணல் பரப்புவர், கடம்பு சூடுவர், மறி அறுத்துப் பலி இடுவர். தெய்வம் வேலன்மேல் இறங்கும். தொல்காப்பியர் இதனைப் புறத்திணையியலில் சுட்டுகிறார். ஐங்குறுநூற்றில் கபிலர் 'வெறிப்பத்து' என்று ஒரு பத்தே பாடியுள்ளார்.

சடங்கில் குறையில்லை, தெய்வமும் வருகிறது. ஆயினும் நோய் தீர்வதில்லை. நோய்க்குக் காரணம் முருகன் அல்லன், மலைநாடனாகிய தலைவன். நற்றிணை 34ஆம் பாடலில் தோழி இதனை முருகனிடமே கூறிவிடுகிறாள். 'இவள் துயர் நின்னால் வந்ததன்று என அறிந்தும், வேலன் அழைத்தான் என்பதற்காக வந்து நின்றாயே. கடவுளாயினும் நீ அறியாமையுடையாய்' என்பது அவள் கூற்றின் கருத்து. எதற்காக அழைக்கிறோம் என்பதை அறியாமல் அழைத்தால், வந்த தெய்வமும் பயன்படாது என்பதே வெறியாட்டுப் பாடல்களின் உட்கிடை.

அமைத்தலுக்குச் சான்று கொல்லிப்பாவை. இதனை எவரும் அழைக்கவில்லை, மலையில் நிறுத்திவைத்தனர். யார் நிறுத்தியது என்பதில் பாடல்கள் வேறுபடுகின்றன. பூதம் செய்தது என்கிறது நற்றிணை 192. தெய்வம் எழுதியது என்கிறது நற்றிணை 185. காற்று மோதினும், இடி விழினும், நிலமே அதிரினும் தன் எழில் மாறாதது என்கிறது நற்றிணை 201.

இப்பாவையின் தொழில் யாது? 192ஆம் பாடலில் தலைவன் இரவில் கொடிய மலைவழியே வருகிறான். இளவெயிலில் தோன்றும் பாவை போன்ற தலைவியின் நலத்தை நினைத்து வருதலே அவ்வழியில் தனக்குக் காவல் என்கிறான். 185ஆம் பாடலிலோ, பாவை போன்ற அவள் தன்னைக் கொல்லக் கருதினாள் என்று வருந்துகிறான். ஒரே பாவை ஓரிடத்தில் காவல், மற்றோரிடத்தில் கொலை. இரண்டும் காண்பவன் நெஞ்சின் நிலையைப் பொறுத்தன. நகைத்து மயக்கி, அணுகியவரைக் கொல்லும் பொறி என்பது பிற்காலக் கதையே. இம்மூன்று கூறுகளில் ஒன்றாகிய கொலையை மட்டும் அது பற்றிக்கொண்டது. காவலும் மாறா எழிலும் மறைந்துபோயின.

பாவையின் உறுதிக்கு வரலாறும் துணை நிற்கிறது. குறுந்தொகை 100இல் கபிலர் அதனை வல்வில் ஓரியின் கொல்லிக்கு உரியதாகப் பாடுகிறார். குறுந்தொகை 89இல் பரணர் பொறையனின் கொல்லிக்கு உரியதாக்குகிறார். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு 209இல் கல்லாடனார் பாவையோடு சேர்த்தே கூறுகிறார். மலையை ஆண்டவர் மாறினர், பாவை மாறவில்லை.

பாவலர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. சொல்லும் ஒருவகை அழைப்பே. மேடையின் கைத்தட்டலுக்காகச் சினத்தையும் கண்ணீரையும் கவிதைக்குள் வரவழைப்பது எளிது. அவையும் வந்து ஆடிவிட்டுப் போகும். ஆனால் உள்ளிருக்கும் நோயை அறியாத அத்தகைய கவிதை வேலன் இட்ட கழங்காகவே முடியும். நோயறிந்து அமைத்த சொல்லோ காற்றுக்கும் இடிக்கும் அசையாமல் நிற்கும். பாவையைப் பாடிய பாடல்கள் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்பதே அதற்குச் சான்று.

கொல்லிப்பாவை இன்று கதையிலும் திரையிலும் விளையாட்டிலும் அச்சுறுத்தும் உருவாகவே மீண்டும் மீண்டும் அழைக்கப்படுகிறது. அப்பாவைக்கு அதன் காவல் தொழிலையும் திருப்பித் தருதல் இம்மலையில் கூடும் வட்டத்தின் கடமையாகும். அதற்கு நற்றிணையின் 185, 192, 201 ஆகிய மூன்று பாடல்களையும் சேர்த்துப் படித்தலே முதற்படி.