வயிற்று வலிக்கு வைத்தியம் தேடிய கதை

(நமது கிளையின் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனோதத்துவம் பேச எனக்கு யோக்யதை கிடையாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்லும்படி செக்ரட்டரி கேட்டுக்கொண்டார். அதை மட்டும் சொல்கிறேன்.

என் பெண் குமுளியில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே பாங்க் உத்தியோகம். பேரனுக்கு அப்போது பதினொரு வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரத்தில், திங்கட்கிழமை விடிந்தால் வயிற்று வலி என்று ஆரம்பித்தான். பிறகு தினமும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஜாதகமும் பார்த்தாயிற்று. "வேஷம் போடறான், ரெண்டு அடி போட்டா சரியாப் போயிடும்" என்று கல்பாத்தியில் உட்கார்ந்தபடி தீர்ப்பு எழுதியவன் நான்தான். அன்று முதல் என் பெண் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இந்த வியாதி புதிதல்ல. 1941-லேயே அமெரிக்காவில் அடிலெய்ட் ஜான்சன் முதலான டாக்டர்கள் 'ஸ்கூல் ஃபோபியா' என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். வலி பொய்யல்ல. பயத்தில் குடலின் இயக்கமே மாறும். முதலில் உடம்பில் வேறு கோளாறு இல்லையென்று டாக்டர் சொல்ல வேண்டும். அதன் பிறகு எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்கிறோமோ, அத்தனைக்குத் திரும்பிப் போவது கஷ்டம். எங்களுக்கு இது தெரியாததால் நாலு மாதம் போயிற்று.

முதலில் கிடைத்தவர் ஒரு 'கவுன்சலர்'. சுவரில் சர்டிஃபிகேட், விசாரித்தால் சில வாரக் கோர்ஸ். குழந்தைக்கு ஒரு மணி நேரம் உபந்நியாசம் செய்துவிட்டு, ஞாபக சக்திக்கு டானிக் சிபாரிசு செய்தார்! நான் ஆபீசில் ஒரு பியூன் நியமனத்துக்கே சர்டிஃபிகேட்டை மூன்று முறை சரிபார்த்தவன். பேரன் விஷயத்தில் ஏன் கேட்கவில்லை? வெட்கம்தான். நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற அவசரம்.

ஆகவே இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார். பேசியும் பரிசோதித்தும் பயிற்சி தந்தும் சிகிச்சை செய்பவர். இவர்கள் 1992-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம். குழந்தைகளோடு எவ்வளவு பழக்கம், பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுவாரா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அடுத்தவர் மலையிறங்கித் தேனிப் பக்கம். நன்றாகப் படித்தவர், பொறுமைசாலி. ஆனால் பாஷை இடித்தது. எங்கள் பிள்ளைகளின் தமிழ் தெரியுமே. பேரன் "சங்கடமா இருக்கு" என்றான். அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். அவன் சொன்னது மலையாளத்துச் சங்கடம், துக்கம். "தேஷ்யம் வரது" என்றதும் அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை போய்விட்டுப் பையன் வாயை மூடிக்கொண்டான். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரம் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. குழந்தை எந்த பாஷையில் அழுகிறதோ அந்த பாஷை தெரிந்தவராக வேண்டும்.

மூன்றாவது அம்மாள், சிநேகிதர் ஒருவர் மூலமாகப் பாலக்காட்டிலேயே கிடைத்தார். இரண்டு பாஷையும் வரும். முதல் முறை நேரில், பிறகு வீடியோவில். பையனிடம் பேசியதைவிடப் பெரியவர்களிடம் பேசியது அதிகம். அது எனக்கு வினோதமாகப் பட்டது. பிறகுதான் படித்தேன், 1950-களிலேயே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியோடு குடும்பத்தையும் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரத்தில் தங்க வைத்தாராம். வேலூர் சி.எம்.சி.யிலும் அந்த வழக்கம் உண்டு.

மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். "தாத்தா, தினமும் ஏழு மணிக்குப் பேரனுக்கு ஃபோன் பண்றேளாமே, முதல் கேள்வி என்ன கேப்பேள்?" என்றார். "மார்க்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். ரிட்டையர் ஆனதற்கப்புறம் என்னை யாரும் விசாரணை செய்தது அதுதான் முதல் தடவை. காரணம் நான் ஒருத்தன்தான் என்று அவர் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பையனின் கேலியும் இருந்தது, மாப்பிள்ளையின் டிரான்ஸ்ஃபர் பேச்சும் இருந்தது. ஆனால் என் ஏழு மணி ஃபோனும் அந்தப் பட்டியலில் இருந்தது.

வெளியே வந்ததும் என் பெண் சொன்னாள், "அப்பா, நீங்கோ ஃபோனை நிறுத்தப்படாது. கேள்வியை மாத்துங்கோ."

பக்கத்தில் ஒருவரும் இல்லாதவர்களுக்கு ஒன்று: 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். யாரைப் பார்ப்பது என்று கேட்கவும் கூப்பிடலாம்.

முதலில் பள்ளிக்கூட வாசல் வரை, பிறகு ஒரு பீரியட், பிறகு அரை நாள் என்று ஏற்றினார்கள். எட்டு மாதம் ஆயிற்று. இப்போதும் சில திங்கட்கிழமைகளில் வலிக்கிறது, வலியோடேயே போகிறான். ஏழு மணிக்கு நான் கேட்பது, அன்றைக்குக் கம்பம் போகிற பஸ்ஸில் எத்தனை ஏலக்காய் மூட்டை ஏறியது என்று. வாசலில் நின்று எண்ணி வைத்திருப்பான். நேற்று பதினேழு.