லாபச் செய்தி யாருக்கு முதலில்?

(திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்கு மார்க்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு, ஆலையில் நூல் ஓட்டுகிறவர்களுக்கு அது எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். அவர்கள் உழைப்பில் விளைந்த லாபத்தின் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிக்கப்படுகிறது. யார் முன்னால் வாசிக்கப்படுகிறது?

களத்துமேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லைத் தூற்றிப் பொலி கூட்டினால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மிராசுதார் மரக்காலில் மோசடி செய்யலாம். பொலியை ஒளிக்க முடியாது. கம்பெனியில் பொலி கண்ணில் படாது. அளப்பது நிர்வாகம், சரிபார்ப்பது தணிக்கையாளர். அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

பொதுமக்களுக்குப் பங்கு விற்கிற கம்பெனிகளுக்கு செபி என்ற வாரியம் விதி வகுத்திருக்கிறது. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், ஆண்டுக் கணக்கானால் 60 நாளுக்குள், வரவு செலவைச் சொல்லியாக வேண்டும். இயக்குநர்கள் கூடிக் கணக்கை ஒப்புக்கொண்டதும், சந்தை நடக்கிற நேரமானால், அரை மணிக்குள் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, உள்விவரம் அறிந்த அதிகாரிகள் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. முன்கூட்டித் தெரிந்தவன் தெரியாதவனை ஏய்த்துவிடுவான் என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி. நல்ல விதி. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவனும் பெரிய பாங்கும் ஒரே நேரத்தில் செய்தி அறிய வேண்டும் என்கிறது. லாபத்தை உண்டாக்கிய தொழிலாளிக்குச் சொல் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. குளிர்பெட்டி, டெலிவிஷன், சலவை இயந்திரம் செய்கிற தொழிலாளர்கள், ஆயிரம் பேருக்கு மேல். சங்கத்தை அங்கீகரி, சம்பளத்தை உயர்த்து என்பது கோரிக்கை. அப்போது சராசரிச் சம்பளம் மாதம் 25 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. இந்த வட்டாரத்தில் மற்றவர்கள் கொடுப்பதைவிட நாங்கள் அதிகமே கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போராட்டத்தின் 30-ஆம் நாள், அக்டோபர் 8. அன்று தென்கொரியாவில் தாய்க் கம்பெனி தன் மூன்று மாத லாப மதிப்பீட்டை வெளியிட்டது. 9.1 லட்சம் கோடி வோன். நம் பணத்தில் 55 ஆயிரம் கோடி ரூபாய்க்குக் குறையாது. முந்திய ஆண்டு இதே காலாண்டில் 2.43 லட்சம் கோடி வோன்தான். மூன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது! கொண்டாட வேண்டாமா? நடந்தது வேறு. சிப் பிரிவின் தலைவராயிருந்த துணைத் தலைவர் ஜுன் யங்-ஹியூன் அன்றே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார்!

எதற்கு மன்னிப்பு? சந்தை எதிர்பார்த்தது 10 லட்சம் கோடிக்கு மேல். அது வரவில்லை.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. லாபம் எவ்வளவு என்பது மட்டும் பங்கு விலையைத் தீர்மானிப்பதில்லை. தரகர்கள் முன்கூட்டியே ஒரு தொகையைக் கணித்து வைக்கிறார்கள். அதற்கு மேலே போனால் விலை ஏறும், கீழே வந்தால் இறங்கும். இந்த மலையில் ஒரு காலத்தில் உச்சி வேளையில் கழுகு வருமா என்று கூட்டம் அண்ணாந்து நிற்குமே, கணக்கு வெளியாகும் நாளில் தரகர்கள் நிற்பதும் அப்படித்தான். ஆகவே முன்பே அடக்கிப் பேசி எதிர்பார்ப்பைத் தணித்து வைப்பதும் நிர்வாகத்துக்கு ஒரு வித்தையாகிவிட்டது.

அந்த மன்னிப்புக் கடிதம் வாடிக்கையாளர், முதலீட்டாளர், ஊழியர் மூவரையும் விளித்து எழுதப்பட்டது. ஊழியர் என்ற சொல்லும் அதில் உண்டு. மறுநாள் அக்டோபர் 9 அன்று இங்கே போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது. தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். 15-ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், ஹைகோர்ட் வரை போன பிறகு.

அதே அக்டோபர் 15 அன்றுதான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தன் பங்குகளை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 27,870 கோடி ரூபாய். அதுவரை நம் நாட்டில் அவ்வளவு பெரிய பங்கு வெளியீடு நடந்ததில்லை. பணம் முழுவதும் பங்கை விற்ற கொரியத் தாய்க் கம்பெனிக்குப் போனது. இங்கே ஒரு மிஷின் வாங்கக்கூட அதில் காசு வரவில்லை. அடுத்த மாதமே காலாண்டுக் கணக்கு வந்தது: லாபம் 1,375 கோடி, முந்திய ஆண்டைவிட 16 சதவிகிதம் சரிவு. சரிவு என்ற சொல்லைக் கேட்டதும் சம்பளப் பேச்சுவார்த்தையில் நம் ஆட்கள் வாயடைத்துப் போகக் கூடாது. 1,375 கோடியை அந்தக் காலாண்டின் 92 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கோடி ரூபாய் வருகிறது.

கணக்கே பொய்யாயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுவும் நடந்திருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தானே எழுதிக் கொடுத்தார்: 649 கோடி என்று காட்டிய காலாண்டு லாபம் உண்மையில் 61 கோடி. தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற கம்பெனி. அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. பல்லாயிரம் ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று கலங்கி நின்றார்கள். ஆகவே கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நிர்வாகம் தன் வாயால் சொன்னதை அதன் முன்னாலேயே எடுத்து வைக்கலாம் என்கிறேன்.

அதற்கு வழி இருக்கிறது. கணக்கு வெளியானதும் நிர்வாகிகள் டெலிபோனில் முதலீட்டாளர்களோடு பேசுவார்கள். கூலிச் செலவு எவ்வளவு, எங்கே குறைப்பீர்கள் என்றெல்லாம் அங்கே கேள்வி வரும், பதிலும் வரும். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவையும், ஐந்து வேலை நாளுக்குள் அதன் எழுத்து வடிவத்தையும் யாரும் காணும்படி வெளியிட வேண்டும் என்பது இப்போது விதி. காசு கிடையாது. இங்கிலீஷில் இருக்கும், படித்த பிள்ளைகள் உட்கார்ந்து தமிழில் சொல்லட்டும்.

சாம்சங்கின் இந்தியக் கம்பெனி நம் நாட்டுப் பங்குச் சந்தையில் இல்லை. ஆகவே அங்கே இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகிறது. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன்னால் அதை எடுத்து வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லியனுப்புங்கள்.