உண்மையை நேசித்த வரலாற்றாசிரியர்

வரலாறு படிப்பதனால் யாது பயன்? பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர் சிலர் வாய்விட்டுக் கேட்கும் வினா இது. வாய்விட்டுக் கேளாதவரும் தேர்வுக்கு முந்திய இரவில் மனத்துக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. பிரெஞ்சு நாட்டில் மார்க் பிளாக் என்றொரு பேராசிரியர் இருந்தார். ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றை ஆராய்ந்த அறிஞர்களுள் தலைசிறந்தவர். இதே வினாவை ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்பதாகவே அவருடைய கடைசி நூல் தொடங்குகிறது. அந்நூலை முடிக்கும் முன்னரே பகைவரின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். எனினும் அவருடைய வாழ்க்கையை நோக்கினால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

மார்க் பிளாக் 1886-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் லியோன் நகரில் பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் பிளாக், பழைய ரோமாபுரியின் வரலாற்றைக் கற்பித்த பேராசிரியர். மகனும் பாரிஸிலுள்ள புகழ்பெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, பின்னர் ஜெர்மனியில் பெர்லின், லைப்சிக் பல்கலைக்கழகங்களிலும் ஓராண்டு கற்றார். தாயகம் திரும்பி உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி வருங்கால், 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. சார்ஜெண்டாகப் போருக்குச் சென்றவர், கேப்டனாகவும் வீர விருதுகள் பெற்றவராகவும் திரும்பினார்.

போர்க்களம் அவருக்கு மற்றொரு கல்லூரியாயிற்று. 1917-இல் அவருடைய படைப்பிரிவு ஒரு ஜெர்மானியனைச் சிறைப்பிடித்தது. அவன் பிரேமன் நகரத்து வணிகன். அந்நகரைப் பிரெஞ்சு மொழியில் 'பிரேம்' என்பர். போர்முனைக்குப் பின்னாலோ 'பிரேன்' என்னும் பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்று இருந்தது. 'பிரேம் நகரத்து வணிகன்' என்ற செய்தி காதுக்குக் காது மாறி, 'போருக்கு முன் பிரேன் ஊரிலே கடை வைத்திருந்தவன். அன்றே அவன் ஒற்றன்' என்று பரவிவிட்டது. ஓரெழுத்தைத் தவறாகக் கேட்டது தற்செயல். ஆனால் அத்தவறு ஏன் அவ்வளவு விரைவில் பரவியது? எங்கும் ஒற்றர் இருக்கின்றனர் என்ற எண்ணம் படைவீரர் மனத்தில் முன்னரே ஊறிக் கிடந்தமையால், அதற்கேற்ற செய்தி கிடைத்தவுடன் பற்றிக்கொண்டனர். பொய்ச்செய்தியை எள்ளி ஒதுக்கிவிடாமல், அதனை நம்பியோரின் மனநிலையைக் காட்டும் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சியைக் கொண்டு 1921-இல் ஒரு கட்டுரையில் அவர் விளக்கினார்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. அவ்விசாரணையைப் பிளாக் நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிக் கொண்டு சென்றார். இடைக்காலத்தில் பிரெஞ்சு மன்னரும் ஆங்கில மன்னரும் தம் கையால் தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று மக்கள் நம்பினர். கழுத்தில் கழலைகள் தோன்றிப் புண்ணாகும் நோய் அது. நோயாளிகள் ஆயிரக்கணக்கில் அரண்மனை வாயிலில் திரண்டனர். இங்கிலாந்தில் 1714-இல் மறைந்த ஆன் அரசியோடு இவ்வழக்கம் நின்றது. பிரான்சிலோ 1825-இல் பத்தாம் சார்ல்ஸ் மன்னர்கூட முடிசூட்டு விழாவின்போது நோயாளிகளைத் தொட்டார்.

இதனை மூடநம்பிக்கை என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. பிளாக், 'அரசனின் கை நோயைத் தீர்க்கும் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏன் நம்பினர்?' என்று வினவினார். கண்டமாலை தானே தணிந்து மீண்டும் தோன்றும் இயல்புடையது. தணிந்தபோது அரசனின் அருள் என்றனர். தணியாதபோது அதனை மறந்தனர். அற்புதம் நிகழும் என்று எதிர்பார்த்தமையாலேயே அற்புதம் நிகழ்ந்ததாக நம்பினர். அந்நம்பிக்கை அரசனுக்கு ஒரு தெய்வத்தன்மையை அளித்து, அவன் ஆட்சிக்கும் அரணாயிற்று. 1924-இல் வெளியான இந்நூல், ஆட்சியின் வேர் மக்கள் மனத்திலும் இருக்கிறது என்பதைக் காட்டிற்று.

அப்போது அவர் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே உடன் பணியாற்றிய லூசியன் ஃபெவ்ர் என்னும் அறிஞரோடு சேர்ந்து 1929-இல் 'அனால்' என்னும் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். அரசர், அமைச்சர், போர், உடன்படிக்கை என்பவற்றோடு வரலாறு நின்றுவிடலாகாது. உழவு, வாணிகம், விலைவாசி, நம்பிக்கை, நிலவியல் ஆகிய அனைத்தையும் அது தழுவ வேண்டும் என்பது அவ்விருவர் கொள்கை. உலகெங்கும் வரலாறு எழுதும் முறையையே அவ்விதழ் மாற்றிற்று என்றால் மிகையாகாது.

1931-இல் பிரெஞ்சு நாட்டுப்புற வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட பிரான்சில் வயல்கள் ஏன் நாடா போல நீண்டும் குறுகியும் கிடக்கின்றன என்று அவர் ஆராய்ந்தார். அங்குப் பயன்பட்டது சக்கரம் பூட்டிய கனத்த கலப்பை. சாலின் முடிவில் அதனைத் திருப்புதல் கடினம். ஆகவே வயல் நீளமாக இருத்தல் நலம். ஆனால் கலப்பை மட்டுமே காரணம் என்று அவர் அமையவில்லை. அவ்வூர்களில் அனைவரும் ஒரே முறைப்படி பயிரிட வேண்டும். அறுவடை முடிந்தபின் ஊர்க் கால்நடைகள் எல்லார் நிலத்திலும் மேயலாம். வேலியற்ற அவ்வயல்களின் பின்னே கூடிவாழும் ஒரு சமுதாயக் கட்டுப்பாடும் இருந்தது என்று காட்டினார். அவருடைய சான்றுகளுள் 18-ஆம் நூற்றாண்டின் நில அளவைப் படங்களும் அடங்கும். தெளிவாகத் தெரியும் பிற்காலத்திலிருந்து தொடங்கித் தெரியாத முற்காலத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்லுதல் அவர் கையாண்ட முறை. 1936-இல் பாரிஸ் சோர்போனில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரானார். நிலமானியச் சமுதாயத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. அவருக்கு வயது 53. ஆறு குழந்தைகளின் தந்தை. போருக்குச் செல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும் தாமே முன்வந்து படையிற் சேர்ந்து, முதலாம் படைக்கு எரிபொருள் வழங்கும் பொறுப்பை ஏற்றார். 1940-இல் பிரெஞ்சுப் படை ஆறே வாரங்களில் வீழ்ந்தது. டன்கர்க் துறையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற பிளாக் அங்கே தங்கிவிடாமல் பிரான்சுக்கே மீண்டார்.

அவ்வாண்டே, தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். மன்னரின் கைத்தொடுகையை ஆராய்ந்த அதே நேர்மையோடு தம் நாட்டையும் ஆராய்ந்தார். பகைவர் புதிய வேகத்தில் போரிட, பிரெஞ்சுத் தளபதிகள் முன்னைய போரையே மனத்திற்கொண்டு செயற்பட்டனர் என்றார். அதனோடு நின்றாரில்லை. நாட்டின் குறைகளை அறிந்திருந்தும் வாய் திறவாமல் படிப்பறைக்குள் அமைதி தேடிய தம் தலைமுறை அறிஞர்களையும், தம்மையும் குற்றக் கூண்டில் நிறுத்தினார். மறைத்து வைக்கப்பட்ட அந்நூல், அவர் மறைந்தபின் 1946-இல் வெளியாயிற்று.

பிளாக் யூத மரபினர். 1940 அக்டோபரில் விஷி அரசாங்கம் இயற்றிய சட்டம், யூதர் ஆசிரியப் பணியில் இருத்தலாகாது என விலக்கிற்று. அவருடைய கல்விப் புகழ் கருதி விதிவிலக்கு அளிக்கப்பட்டமையால், கிளர்மோன்-ஃபெரானிலும் பின்னர் மோன்பெலியேவிலும் சிலகாலம் கற்பித்தார். பாரிஸ் இல்லத்திலிருந்த நூலகத்தை ஜெர்மானியர் பறித்துச் சென்றனர். தாம் தோற்றுவித்த இதழிலேயே புனைபெயரில் எழுத வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கல்வி நிலையம் ஒன்று அவரை அழைத்தது; குடும்பத்தார் அனைவருக்கும் அனுமதி கிடைக்காமையால் அவர் செல்லவில்லை. நூல்களற்ற அந்நாட்களிலேதான், வரலாற்றாசிரியரின் தொழில் யாது என விளக்கும் கடைசி நூலை எழுதத் தொடங்கினார்.

1943-இல், ஜெர்மானியரை எதிர்த்து மறைவில் இயங்கிய விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். லியோன் நகரில் 'நார்பொன்' என்ற மறைபெயரோடு, தம் மாணவர் வயதுடைய இளைஞர்களோடு இரவும் பகலும் உழைத்தார். 1944 மார்ச் 8-இல் கெஸ்டபோ என்னும் ஜெர்மானிய இரகசியப் போலீசார் அவரைக் கைது செய்து கொடிய சித்திரவதைக்கு உள்ளாக்கினர். ஜூன் 16-ஆம் நாள் இரவு, இருபதுக்கும் மேற்பட்ட கைதிகளுடன் சேன்-டிடியே-டெ-ஃபொர்மான் என்னும் ஊரருகே சுட்டுக் கொன்றனர். ஒரு திங்கள் கழியுமுன் அவர் மனைவியாரும் காலமானார். முற்றுப்பெறாத நூலை நண்பர் ஃபெவ்ர் 1949-இல் வெளியிட்டார். பிரான்சின் பெருமக்களுக்குரிய பாந்தியோன் மண்டபத்தில் பிளாக்கிற்கு இடம் அளிக்கப்படும் என 2024 நவம்பரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார்.

மாணவ நண்பர்களே! 1941-இல் பிளாக் தம் இறுதி விருப்பத்தை எழுதி வைத்தார். தம் கல்லறையில், உண்மையை நேசித்தவர் என்று பொருள்படும் இரண்டே லத்தீன் சொற்களைப் பொறித்தால் போதும் என்றார். பட்டங்களையும் பதவிகளையும் அவர் கேட்கவில்லை. வரலாற்றின் பயன் யாது என்ற வினாவுக்கு இதனையே விடையாகக் கொள்கிறேன். ஒரு செய்தி உங்கள் காதுக்கு எட்டும்போது, 'இதைக் கூறியவர் யார்? அவர் நேரிற் கண்டாரா? இதை நம்ப என் மனம் ஏன் விரைகிறது?' என்று மூன்று வினாக்களை எழுப்புங்கள். இவற்றுள் மூன்றாவது வினாவே கடினமானது. ஏனெனில் அது பிறரை விடுத்து நம்மையே விசாரிக்கிறது. அவ்வினாவைக் கேட்கும் பழக்கம் வகுப்பறையில் உண்டாகுமாயின், ஆண்டுகளும் பெயர்களும் மறந்துபோனாலும் நீங்கள் வரலாறு கற்றவர்களே ஆவீர்கள்.